அரை நூல் நகர்ந்த பந்து

சங்ககிரி பைபாஸில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் முப்பது நாற்பது இருக்கும். அதில் ஒன்றுக்கு முதலாளி குமரகுரு. அத்தனை பட்டறையிலும் அவர் கண்ணுக்கு மட்டும் தனி மரியாதை. குறுக்குச் சட்டம் அடித்து முடித்ததும் வேலைக்காரர்கள் டேப்பைத் தேடுவார்கள். அவர் பத்தடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொள்வார். "பின்னால ஒரு நூல் எறங்கியிருக்குது, கழட்டு" என்பார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். அளந்து பார்த்தால் சரியாக ஒரு நூல் இறங்கியிருக்கும். வண்டிக்காரர் அதைக் கவனிக்கப் போவதில்லை, லோடு ஏற்றிய பிறகு யாருக்கும் தெரியப் போவதுமில்லை. ஆனாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். "ஊருக்குத் தெரியாட்டிப் போவுது, எனக்குத் தெரியுமல்லோ?" என்று ஒரு வசனம் வைத்திருந்தார். அதைச் சொல்லும்போது நெஞ்சு தானாகக் கொஞ்சம் முன்னால் வரும்.

மகன் தர்ஷன் விஷயத்தில் மட்டும் அந்த நெஞ்சு பல வருஷமாக உள்ளேயே கிடந்தது. இன்ஜினியரிங் படிக்கச் சேலத்துக்கு அனுப்பினால், பையன் காலேஜுக்கு எதிரே பேக்கரி மாடியில் பச்சைத் துணி போட்ட மேசையில் குச்சியால் பந்து தள்ளிக்கொண்டிருந்தான். படிப்பு பாதியில் நின்றது, பந்து நிற்கவில்லை. ஸ்னூக்கர் என்று அவன் நூறு முறை சொல்லிக் கொடுத்தும் குமரகுரு அதைக் 'குச்சியாட்டம்' என்றே சொல்லிவந்தார். விசாரிக்கிற பங்காளிகளிடம் "சேலத்துல கம்ப்யூட்டர் வேலைங்க" என்று ஒரு பொய்யையும் நட்டு வைத்திருந்தார். மாமன் மச்சான் யாராவது "எந்தக் கம்பெனிங்க?" என்று அடுத்த கேள்விக்குப் போனால் அவசரமாகப் பட்டறை வாசல் பக்கம் போய்விடுவார்.

அந்தக் குச்சியாட்டத்துக்கு இந்தப் பங்குனியில் யோகம் அடித்தது. திருச்செங்கோட்டில் பத்துப் பதினைந்து ரிக் வண்டி வைத்திருக்கும் பூபதி, போர்வெல் போடப் போன வடக்கூரில் எங்கேயோ ஒரு கிளப்பில் இந்த ஆட்டத்தில் மயங்கி விழுந்தவர். பைபாஸில் புதிதாகக் கட்டிய ஏசி கல்யாண மண்டபத்தில், தொழில்முறையாக ஆடுகிற எட்டுப் பேரைக் கூப்பிட்டுப் போட்டி வைத்தார். யார் வேண்டுமானாலும் பேர் கொடுத்து ஆடுகிற போட்டி இல்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரி, அழைப்பு வந்தவர்தான் ஆட முடியும். மும்பை, பெங்களூர், புனே என்று ஏழு பேர். எட்டாவது அழைப்பு தர்ஷனுக்கு. ஜெயித்தவருக்கு இங்கிலாந்தில் பெரிய ஆட்டக்காரர்களோடு ஆட ஓர் இடம் கிடைக்கும்.

அழைப்பு வந்த மறுநாளே பட்டறைக்கு முன்னால் பிளக்ஸ் எழுந்தது. கம்ப்யூட்டர் வேலை சத்தமில்லாமல் செத்துப்போனது.

தர்ஷனின் அம்மா அமுதவல்லி அதற்கு முன்பே மாரியம்மனிடம் பேசி வைத்திருந்தாள். பையனுக்கு ஒரு வழி பிறந்தால் இந்த வருஷத் திருவிழா நோம்பிக்கு அவன் பூவோடு எடுப்பான் என்று வேண்டுதல். பூவோடு என்கிற நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி வருவதென்றால் காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் தடவிய கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்துப் பூசாரி மணிக்கட்டில் கட்டிவிட்டால், நோம்பி முடிந்து அவர் அவிழ்க்கிற வரைக்கும் கவிச்சி ஆகாது, வெளியூரில் தங்கல் ஆகாது, பொய் புரட்டு ஆகாது. மண்டபம் ஊருக்குள்ளேயே இருந்ததால் தங்கலுக்குப் பிரச்சினை இல்லை.

பிரச்சினை கையில்தான். தர்ஷன் பீச்சாங்கைக்காரன். சின்னப் பிள்ளையில் குமரகுரு அடித்து அடித்துச் சோற்றை மட்டும் மாற்ற முடிந்தது, மற்றதெல்லாம் இடது கைதான். குச்சியை இடது கையில் பிடிப்பவனுக்கு மேசைமேல் பந்துகளுக்கு நடுவே ஊன்றுகிற கை வலது கை. ஆம்பிளைக்குக் காப்புக் கட்டுவதும் வலது கையில்.

"கொஞ்சம் மேல, முழங்கையிகிட்டக் கட்டுங்க சாமி, ஆட்டத்துக்குத் தொந்தரவா இருக்கும்" என்று தர்ஷன் கேட்டுப் பார்த்தான்.

"முழங்கையில கட்டுறதுக்கு இது என்ன தாயத்தா கண்ணு? மணிக்கட்டுலதான் ஆத்தா இருப்பா" என்று பூசாரி இறுக்கிவிட்டார். விரலி மஞ்சளும் தாராளமாக, சுண்டுவிரல் நீளத்துக்கு இருந்தது.

"சட்டக் கையிக்குள்ள உட்டுக்க சாமி. ஆத்தா கூடவே இருக்கறப்ப உனக்கென்ன?" என்றாள் அமுதவல்லி.

மூன்றாம் நாள் இறுதியாட்டம். குமரகுரு ஜென்மத்தில் முதல்முறையாக இந்த ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தார். முன்வரிசை சோபாவில், பூபதிக்குப் பக்கத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில். மகன் வெள்ளைச் சட்டைமேல் கையில்லாத கறுப்புக் கோட்டும் கழுத்தில் பட்டாம்பூச்சி டையும் கட்டிக்கொண்டு வந்தபோது, அமுதவல்லி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதிராளி அனிகேத், புனேக்காரர். நாற்பது வயது இருக்கும். முன்நெற்றியில் முடி கொட்டி, பள்ளிக்கூட வாத்தியார் சாயலில் இருந்தார்.

ஆட்டம் குமரகுருவுக்கு ஆரம்பத்தில் பிடிபடவில்லை. பந்து குழியில் விழுந்தால் நல்லது என்பது மட்டும் தெரிந்தது. பிறகு கண் பழகியது. பந்து போகிற கோணத்தை அடிப்பதற்கு முன்பே அவர் கண் கணக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தது. 'அட, இதுவும் மட்டம் பாக்கற வேலைதானா' என்று நினைத்தார். இத்தனை வருஷம் பையனைத் திட்டியது அந்த இடத்தில் லேசாகக் குத்தியது.

ஒன்பது சுற்று ஆட்டத்தில் ஆறாவது சுற்று. அனிகேத் மேசைமேல் கவிந்து அடிக்கப் போனவர், அடிக்காமல் நிமிர்ந்தார். கையை உயர்த்தி, வெள்ளைக் கையுறை போட்ட நடுவர் அம்மாவிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மா தலையசைத்துப் புள்ளியை மாற்றிச் சொன்னாள். அனிகேத் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். விவரம் தெரிந்த நாலு பேர் கைதட்டினார்கள்.

"என்னங்க ஆச்சு? ஏன் அடிக்காம போயிட்டாரு?" குமரகுரு பூபதியின் காதில் கேட்டார்.

"அவரு சட்ட ஒரு பந்துல பட்டுருச்சாமுங்க. பட்டா தப்பாட்டம். நம்ம தம்பிக்கு நாலு பாயின்ட்டு."

"பட்டதை யாரு பாத்தாங்க? அந்தம்மா அக்கட்டால நின்னுட்டிருந்துச்சே?"

"யாரும் பாக்கலீங்க. அவரே சொல்லிப்போட்டாரு. இந்த ஆட்டத்துல அப்படித்தானுங்க, அவனவன் தப்ப அவனவனேதான் சொல்லோணும். அதனாலதானுங்க நான் இதுல உழுந்தது."

குமரகுருவுக்கு உடம்பு சிலிர்த்தது. "நெம்பப் பெரிய ஆட்டமால்ல இருக்குதுங்க!" என்றார். ஊருக்குத் தெரியாட்டிப் போவுது என்கிற தன் வசனத்தைப் புனேக்காரர் ஒருத்தர் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்து காட்டியதாகவே அவருக்குப் பட்டது. மகன் சேர்ந்தது நல்ல இடம்தான் என்று அமுதவல்லி பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

நாலுக்கு நாலு சமம் ஆகி, கடைசிச் சுற்று. மேசையில் மூன்று பந்துதான் மிச்சம்: நீலம், பிங்க், கறுப்பு. "மூணையும் வரிசையா உள்ள தள்ளுனாத்தான் தம்பிக்கு. ஒண்ணு தப்புனாலும் போச்சுங்க" என்று பூபதி கிசுகிசுத்தார். தர்ஷனுக்கு வியர்த்தது. ஏசியிலும் வியர்த்தது. சட்டைக் கையின் பொத்தான் எப்போது அவிழ்ந்ததோ, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு எட்டிப் பார்த்தது.

குச்சியால் அடிக்கிற வெள்ளைப் பந்து பிங்க் பந்துக்கு ஒட்டினாற்போல் அப்பால் நின்றது. நீலத்தை அடிக்க வேண்டுமானால் பிங்க்கைத் தாண்டிக் கையைத் தூக்கி ஊன்ற வேண்டும். தர்ஷன் விரல் நுனிகளை மேசையில் ஊன்றி, மணிக்கட்டை பிங்க்குக்கு மேல் கொண்டுவந்தான். விரலி மஞ்சள் கயிற்றில் தொங்கியது. பிங்க் பந்தைத் தொட்டது. பந்து நகர்ந்தது.

அரை நூல். அதற்குமேல் இருக்காது.

நடுவர் அம்மா அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அனிகேத் எதிர்மூலையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்தில் அரை நூலைப் பத்தடி தூரத்திலிருந்து பிடிக்கிற கண் ஒன்றுதான் இருந்தது, அது சோபாவில் உட்கார்ந்திருந்தது.

தர்ஷன் நிமிர்ந்தான். குச்சி நுனியில் நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே திரும்பி அப்பாவைப் பார்த்தான். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. சொல்லத்தான் போகிறான், சத்தியமாகச் சொல்லத்தான் போகிறான் என்று குமரகுருவுக்குத் தெரிந்தது. பட்டறை வாசலில் நிற்கும் பிளக்ஸ் நினைவுக்கு வந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பங்காளிகள் நினைவுக்கு வந்தார்கள். 'எந்தக் கம்பெனிங்க?' என்ற குரல் காதில் கேட்டது.

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. இடமும் வலமுமாக மிகச் சின்ன ஆட்டம்; பக்கத்தில் இருந்த பூபதிக்கே தெரியவில்லை.

தர்ஷன் வாயை மூடினான். குனிந்தான். நீலம் விழுந்தது. பிங்க் விழுந்தது. கறுப்பு விழுந்தபோது மண்டபத்துக்கு வெளியே சரவெடி வெடித்தது. யாரோ குமரகுருவைத் தூக்கி நிறுத்தினார்கள். மாலை விழுந்தது. அனிகேத் வந்து தர்ஷனைக் கட்டிப் பிடித்து முதுகில் தட்டினார். பூபதி மைக்கைப் பிடித்து, "புனேக்காரருக்கு நாளைக்கு மத்தியானம் நம்ம சாம்பியன் ஊட்டுலதான் விருந்து! கொங்கு நாட்டுச் சோறுன்னா என்னன்னு அவரு பாக்கோணும்!" என்று முழங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். குமரகுருவும் கைதட்டினார். கை தட்டத் தட்ட உள்ளங்கை ஈரமாகிக்கொண்டே வந்தது.

காலையில் வழக்கம்போலப் பட்டறைக்குப் போனார். அங்கே பழைய ஆசாரி சின்னண்ணன் பக்கப்பலகை நிறுத்திக்கொண்டிருந்தான்.

"மொதலாளி, தம்பி பேப்பர்ல வந்துருக்குதுங்க! டீக்கடையில எல்லாரும் அதே பேச்சு. நீங்க ஒண்ணும் சிரிக்கக் காணமே?"

"சிரிச்சாச்சு சின்னண்ணா. வேலயப் பாரு."

"இந்தச் சட்டம் கொஞ்சம் பாருங்க. மட்டமா இருக்குதுங்களா?"

குமரகுரு பத்தடி தள்ளிப்போய் ஒரு கண்ணை மூடினார். சட்டம் தெரியவில்லை. பிங்க் பந்துதான் தெரிந்தது. திரும்ப மூடித் திறந்தார்.

"இருக்கும்" என்றார்.

"இருக்கும்ங்களா?" சின்னண்ணனுக்கு ஆச்சரியம். இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'இருக்கு' அல்லது 'கழட்டு' மட்டும்தான் வந்திருக்கிறது. அவனே டேப்பை எடுத்துப் பிடித்தான். "ஒண்ணர நூல் எறங்கியிருக்குதுங்களே மொதலாளி! ஊருக்குத் தெரியாட்டிப் போவுது, நமக்குத் தெரியுமல்லோ" என்று அவருடைய வசனத்தையே எடுத்து அவருக்குப் பரிமாறினான். பாவம், அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். குமரகுருவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெயில் ஏறுகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டில் அமுதவல்லி விடியற்காலையிலேயே அடுப்பைப் பற்ற வைத்திருந்தாள். காப்புக் கட்டிய வீடாதலால் கோழிக்கு வழியில்லை. அரிசியும் பருப்புஞ்சாதம், மொச்சைக்கொட்டைக் குழம்பு, கத்திரிக்காய் வதக்கல், ஒப்புட்டு என்று சைவத்திலேயே ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பூபதி அனுப்பிய லட்டுப் பெட்டிகளைத் தெரு முழுக்கக் கொடுத்து முடித்து, ஒன்றை மட்டும் விருந்தாளிக்கு வைத்திருந்தாள்.

தர்ஷன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். குமரகுரு பக்கத்தில் போய் நின்றார்.

"சாமி… நேத்து…"

"நேத்து என்னங்கப்பா?"

"அந்தப் பந்து…"

தர்ஷன் துண்டால் முகத்தை மூடித் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான். "ஜெயிச்சாச்சுங்களல்லோ? உடுங்கப்பா" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் குமரகுரு பிழைத்திருப்பார். கைதேர்ந்த வியாபாரி பேசுவது போல் அவன் சாதாரணமாகச் சொன்னான். ஒரே நாளில் இவ்வளவு தூரம் வந்துவிட்டான், அதுவும் தான் போட்டுக்கொடுத்த பாதையில், என்று நினைத்தபோது அவருக்கு வெட்கம் பிடுங்கியது.

அனிகேத் பன்னிரண்டு மணிக்குப் பூபதி அனுப்பிய காரில் தனியாக வந்து இறங்கினார். கையில் ஆப்பிள் பை. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். அமுதவல்லியின் காலைத் தொட்டுக் கும்பிடப் போனார். அவள் பதறி நான்கடி பின்வாங்கி, "ஐயோ சாமி, நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தரையில் பாய் விரித்து இலை போட்டார்கள். தர்ஷன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இங்கிலீஷை இவர்களுக்கும் இவர்கள் தமிழை அவருக்கும் மாற்றிச் சொன்னான். குமரகுருவுக்குத் தெரிந்த வெளிப்பாஷை எல்லாம் லாரி டிரைவர்களிடம் கற்ற இந்திதான். அதில் 'கித்னா', 'சலோ' இரண்டுக்கும் மேல் சரக்கில்லை.

அனிகேத் பருப்புஞ்சாதத்தை நெய்யோடு பிசைந்து சாப்பிட்டார். மொச்சைக்கொட்டையை ரசித்தார். பிறகு தர்ஷன் கையிலிருந்த காப்பைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இது என்னன்னு கேக்கறாரும்மா."

"சொல்லு சாமி. ஆத்தாளுக்குக் கட்டுனது, இது கையில இருக்கற வரைக்கும் தப்புத் தண்டாவுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லு. எல்லாம் அவ குடுத்ததுதான்னு சொல்லு." அமுதவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தர்ஷன் சொன்னான். அனிகேத் மரியாதையோடு தலையைக் குனிந்து அந்த மஞ்சளை ஒற்றை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குமேல் குமரகுருவால் தாங்க முடியவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சாமி, நான் சொல்றத அவருகிட்ட அப்படியே சொல்லு. நேத்துக் கடைசி ஆட்டத்துல இந்த மஞ்சக்கொம்பு பிங்க் பந்துல பட்டுது. நீ சொல்லத்தான் வந்த. என்னயப் பாத்த. நான் வேண்டாமுன்னு தலையாட்டிப்போட்டேன். தப்பு என்னுதுன்னு சொல்லு."

அமுதவல்லியின் கையிலிருந்த ஒப்புட்டுத் தட்டு அப்படியே நின்றது. தர்ஷன் அப்பாவை ஒரு கணம் பார்த்தான். பிறகு சிரித்த முகத்தோடு அனிகேத் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் கடகடவென்று சொன்னான். அனிகேத்தின் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்து, "தேங்க் யூ அங்கிள், தேங்க் யூ! சூப்பர் சன்!" என்றார்.

சூப்பரும் சன்னும் குமரகுருவுக்குத் தெரிந்த வார்த்தைகள்.

"என்ன சாமி சொன்ன?"

"நீங்க சொன்னதத்தானுங்கப்பா."

பெற்ற பிள்ளை முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறான். அவருக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இவனுக்கு இதைக் கற்றுக் கொடுக்க மற்றவர்களுக்கு வருஷக்கணக்கில் ஆகியிருக்கும், நான் ஒரு தலையாட்டில் முடித்துவிட்டேனே என்றுதான் தோன்றியது.

அவர் குனிந்து லட்டுப் பெட்டியைத் திறந்தார். ஒரு லட்டை எடுத்து இரண்டு இலைக்கும் நடுவில், துடைத்த சிமெண்டுத் தரையில் வைத்தார். புது ஆளுக்கு வாய்ப்பேச்சு ஏறாவிட்டால் பட்டறையில் கையால் செய்துதான் காட்டுவார். அதே மாதிரி மகனின் வலது மணிக்கட்டைப் பிடித்தார். தர்ஷன் இழுத்துப் பார்த்தான். முப்பது வருஷம் இரும்பு தூக்கிய பிடி அது, விடவில்லை. அவன் விரல்களைத் தரையில் ஊன்ற வைத்து, மணிக்கட்டை லட்டுக்கு மேல் கொண்டுவந்தார். விரலி மஞ்சள் தொங்கியது. லட்டைத் தொட்டது. லட்டு லேசாக உருண்டது.

"பிங்க்கு" என்றார் குமரகுரு. அனிகேத்தின் கண்ணைப் பார்த்து, "பிங்க்கு" என்று மறுபடியும் சொன்னார். தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அனிகேத்தின் சிரிப்பு நின்றது. பிசைந்த சோறு விரலில் இருக்க, தர்ஷனைத் திரும்பிப் பார்த்தார். மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

தர்ஷன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அப்புறம் பதில் சொன்னான். இந்த முறை கடகடவென்று வரவில்லை, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. குமரகுருவுக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் 'ஃபாதர்' என்றது மட்டும் கேட்டது. அதைச் சொன்னவுடன் தர்ஷன் ஒரு காரியம் செய்தான். அனிகேத்துக்கு விளங்குவதற்காகத் தலையை ஆட்டிக் காட்டினான். இடமும் வலமுமாக, மிகச் சின்ன ஆட்டம்.

அதற்கு மொழி வேண்டியதில்லை. தன் தலை இன்னொரு உடம்பில் ஆடுவதைக் குமரகுரு பார்த்தார். வெளியிலிருந்து பார்க்க அது அவ்வளவு கேவலமாக இருந்தது. அனிகேத்தும் மெல்லத் திரும்பி அவரைத்தான் பார்த்தார், மகனை அல்ல. உட்கார்ந்திருந்த தரைக்குள் இறங்கிவிட வழி இருந்தால் இறங்கியிருப்பார்.

"ஐயோ, தெரு பூரா லட்டுக் குடுத்துப்போட்டனே" என்றாள் அமுதவல்லி, யாரிடமும் இல்லாமல். "கையில ஆத்தாள வெச்சுக்கிட்டு… ரெண்டு பேரும் சேர்ந்தா பண்ணுனீங்க?"

அனிகேத் குனிந்து இலையில் இருந்ததைச் சாப்பிட்டார். ஒரு பருக்கை மீதம் வைக்கவில்லை. பாதியில் எழுந்து போயிருந்தால்கூட வலி குறைவாக இருந்திருக்கும். கை கழுவிவிட்டு வந்து, தர்ஷனிடம் இரண்டு வாக்கியம் சொன்னார்.

"என்னங்கறாரு?" குமரகுரு மகனைக் கேட்டார்.

"அவரு போய்ச் சொன்னா அது கோள் சொன்ன மாதிரி ஆயிருமாமுங்கப்பா. நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேங்கறாரு. பட்டவன்தான் சொல்லோணுமாம். இப்பச் சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி, அது உன்னுதுங்கறாரு."

அனிகேத் வாசலில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெயிலில் பைபாஸ் லாரிகள் போகிற இரைச்சல் கேட்டது. தர்ஷன் எச்சிற்கையைக் கழுவிவிட்டு வந்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். பூபதியின் எண்ணைத் தேடுகிறான் என்று குமரகுருவுக்குத் தெரிந்தது. இங்கிலாந்து இடம் கைவிட்டுப் போகும், பிளக்ஸ் இறங்கும், பங்காளிகள் கேட்பார்கள், நாளைக்குப் பூவோட்டுச் சட்டியைப் பூசாரி இவன் கையில் கொடுப்பாரோ மாட்டாரோ. எல்லாம் தெரிந்தது. நேற்றைப் போலவே மகன் திரும்பித் தன்னைப் பார்ப்பான் என்று அவர் காத்திருந்தார். இந்தத் தடவை 'சொல்லு' என்று ஆட்டுவதற்காகத் தலையை நிமிர்த்தித் தயாராக வைத்துக்கொண்டார்.

தர்ஷன் போனைக் காதில் வைத்தான். சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

"பூபதியண்ணனுங்களா? தர்ஷன் பேசறனுங்க."

அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. குமரகுருவின் தலை ஆட்டுவதற்கு ஆளில்லாமல் அப்படியே நின்றது.